தோனெட் 14: தங்கப் பதக்கம் வாங்கிய நாற்காலியை இன்று வாங்குபவர்களுக்கு

1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தோனெட் சகோதரர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அன்று அவர்களுடைய சரக்கில் முதன்மையானது 14ஆம் எண் நாற்காலி. 1859இல் சந்தைக்கு வந்த அந்த நாற்காலி இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகிறது. ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க் ஊரில் தோனெட் நிறுவனம் அதை 214 என்ற எண்ணில் செய்கிறது. செக் நாட்டின் பிஸ்திரிட்சேயில் டோன் நிறுவனம் பழைய 14 என்ற எண்ணையே வைத்திருக்கிறது. கெப்ரூடர் தோனெட் வியன்னா என்ற பெயரிலும் ஒன்று கிடைக்கிறது. இவை போக, நூறு வருடம் தாண்டிய பழைய நாற்காலிகளும் பெயர் இல்லாத நகல்களும் சந்தையில் ஏராளம்.

வாங்கலாமா என்றால், தயங்காமல் வாங்கலாம். சாப்பாட்டு மேசைக்கும் எழுத்து மேசைக்கும் இவ்வளவு இலகுவான, இவ்வளவு எளிதில் பழுதுபார்க்கக்கூடிய மர நாற்காலி வேறு சொல்வது கடினம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பின்கால் இருக்கை வளையத்தைத் தொடும் இடத்தில் இருக்கும் போல்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்ட முடியவேண்டும். அந்த இடத்தைப் பசை போட்டு மூடிவிட்ட நாற்காலி, பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் 14 ஆகாது. ஏன் அப்படி என்பதற்குக் காரணம் அது வந்த வழியில் இருக்கிறது.

மிகாயேல் தோனெட் 1796இல் ரைன் நதிக்கரை ஊரான போப்பார்டில் பிறந்த தச்சர். 1830களில் மெல்லியதாகச் சீவிய மரத் தகடுகளை, அதாவது பட்டைகளை, அடுக்கி, பசையில் கொதிக்கவைத்து, அச்சில் வளைத்து நாற்காலிப் பாகங்கள் செய்து பார்த்தார். 1842இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிச்சின் ஆதரவோடு வியன்னா போனார். லிக்டென்ஸ்டைன் மாளிகையின் உள்வேலையில் கார்ல் லைஸ்ட்லர் என்ற பெரிய மரச்சாமான் உற்பத்தியாளரோடு சேர்ந்து உழைத்தார். 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த மகா கண்காட்சியில் இருவரின் சரக்கும் ஆஸ்திரியப் பகுதியில் இருந்தது. லைஸ்ட்லர் கொண்டுவந்தது கோதிக் பாணிச் செதுக்கு வேலைகள் நிறைந்த பிரம்மாண்டமான புத்தக அலமாரி. பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் அதை விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோனெட் கொண்டுவந்ததும் ஆடம்பரச் சாமான்தான். ரோஸ்வுட்டில் வளைத்த சோபா, நாற்காலிகள், பதித்து அலங்கரித்த மேசைகள். வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அந்தக் கண்காட்சியில் 14க்கு நெருங்கிய உறவுள்ள பொருள் அந்தச் சாமான்களைவிட அவற்றை மூடியிருந்த கட்டடம்தான். ஜோசஃப் பாக்ஸ்டன் வடிவமைத்த கிரிஸ்டல் பேலஸ் ஒரே அளவில் வார்த்த இரும்புப் பாகங்களும் ஒரே அளவில் வெட்டிய கண்ணாடியும் கொண்டு பூட்டிய கட்டடம். கண்காட்சி முடிந்ததும் ஹைட் பார்க்கிலிருந்து கழற்றி, சைடன்ஹாமில் மாற்றி விரிவாக்கிக் கட்டி, 1854இல் திறந்தார்கள். சில பாகங்கள், அவற்றைப் பூட்ட சில போல்ட்டுகள், எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அந்தக் கண்காட்சிக்கு எட்டு வருடம் கழித்து வந்த நாற்காலியும் இதே கணக்கில்தான் செய்யப்பட்டது.

நடுவில் ஒரு தடை இருந்தது. பட்டைகளை அடுக்கி ஒட்டிய மரம் விலங்குப் பசையை நம்பி நிற்பது. கப்பலில் ஏறி, ஈரமும் வெக்கையும் உள்ள நாடுகளுக்குப் போன சாமான்களில் அந்தப் பசை இளகி, பட்டைகள் பிரிந்தன. நம் கடலோர ஊர்களில் பழைய ஒட்டுமரச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் தெரிந்ததே. அதனால் ஒட்டாமல், முழு மரக்கம்பியையே வளைக்க வேண்டியதாயிற்று. 1853இல் தொழிலைத் தன் ஐந்து மகன்கள் பெயருக்கு மாற்றிய தோனெட், 1856இல் நீராவியாலோ கொதிநீராலோ முழு மரத்தை வளைக்கும் முறைக்கு 13 வருடத் தனியுரிமை பெற்றார். அதே சமயத்தில் இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில், பீச் மரக் காடுகளுக்கு நடுவே கோரிச்சான் ஊரில் தொழிற்சாலை எழுந்தது.

முழு மரத்தை வளைப்பதில் என்ன கஷ்டம் என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் இந்த நாற்காலியின் அருமை தெரியும். முதுகின் மேல்வளைவு ஏறக்குறைய ஓர் அரைவட்டம். கம்பியின் தடிமன் 30 மி.மீ., வளைவின் வெளி ஆரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கத்தின் நீளம் 628 மி.மீ. வரும், உட்பக்கம் 534 மி.மீ. வரும். வித்தியாசம் 94 மி.மீ. சும்மா வளைத்தால் கம்பியின் நடுக்கோடு அப்படியே நிற்கும். உட்பக்கம் 8 விழுக்காடு சுருங்கவேண்டும், வெளிப்பக்கம் 8 விழுக்காடு நீளவேண்டும். நன்றாக ஆவியில் வெந்த பீச் மரம் 25 விழுக்காடு வரைக்கும் சுருங்கும். ஆனால் நீளச் சொன்னால் ஒன்று, இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீளாது. வெளிப்பக்க நார் சிராய் சிராயாக எழும்பி உடைந்துவிடும்.

தோனெட் கண்ட தீர்வு ஒரு இரும்புப் பட்டை. வளையப்போகும் கம்பியின் வெளிப்பக்கத்தில் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் இறுகப் பிடித்துவிடுவார்கள். இரும்பு நீளாது, எனவே அதனோடு ஒட்டியிருக்கும் மரமும் நீளாது. மொத்தக் கம்பியும் உள்நோக்கிச் சுருங்கித்தான் ஆகவேண்டும். மேலே சொன்ன கணக்கில் உட்பக்கம் 15 விழுக்காடு சுருங்குகிறது, அதை பீச் தாங்கும். பிஸ்திரிட்சேயிலும் ஃபிராங்கன்பெர்க்கிலும் இன்றுவரை இதே பட்டை, இதே முறை. 1862இல் லண்டனில் நடந்த அடுத்த கண்காட்சிக்கு வந்தபோது தோனெட் கூடத்தில் ரோஸ்வுட் ஆடம்பரம் பின்னால் போய், எல்லாரும் வாங்கக்கூடிய பீச் நாற்காலிகள் முன்னால் வந்திருந்தன.

மரம் தேர்வதிலேயே பாதி வேலை முடிகிறது. கம்பியின் ஒரு முனையில் தொடங்கும் நார் மறுமுனை வரை ஓடவேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் வளைவில் அந்த இடம் பிளக்கும். கணு இருந்தால் உடையும். அறுத்துக் கடைந்த கம்பி சற்று ஈரத்தோடு இருப்பது நல்லது. சூளையில் முழுக்கக் காயவைத்த மரம் ஆவியில் சரியாக இளகாது. வளைப்பவர்களிடையே பொதுக்கணக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேர ஆவி. பெட்டியிலிருந்து எடுத்தபின் தாமதிக்க முடியாது, சூடு ஆறுவதற்குள் அச்சில் பூட்டிவிட வேண்டும். பிறகு அச்சோடு சேர்த்து வெப்ப அறையில் காயவேண்டும். அரைகுறையாகக் காய்ந்து அச்சைவிட்டு வந்த பாகம் சில வாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். மலிவான நகல்களில் முதுகு இருக்கையைவிட அகலமாகப் பிதுங்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

14இன் நிலைபெற்ற வடிவில் மரப் பாகம் ஆறு. பின்கால் இரண்டும் முதுகின் வெளிவளைவும் சேர்ந்து ஒரே கம்பி. அதற்குள் சிறிய வளைவு ஒன்று. இருக்கை வளையம் ஒன்று. முன்கால் இரண்டு. கால்களை உள்பக்கமாகப் பிடிக்கும் கீழ்வளையம் ஒன்று. ஆரம்ப வருட நாற்காலிகளில் இந்த வளையம் கிடையாது. இவற்றைப் பூட்டப் பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். கழற்றிய நிலையில் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கின. இன்றைய 214இன் அளவு ஏறக்குறைய 43 செ.மீ. அகலம், 52 செ.மீ. ஆழம், 84 செ.மீ. உயரம். பூட்டிய நிலையில் தனித்தனியாக அடுக்கினால் ஒரு கன மீட்டரில் ஐந்துக்கு மேல் வைக்க முடியாது. கப்பல் கூலி இடத்தைப் பொறுத்தது. ஆகவே ஏழு மடங்கு மிச்சம். 1930 வரையில் ஐந்து கோடி விற்றதாகச் சொல்லப்படுவதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டுவதற்குத் தச்சர் தேவைப்படவில்லை.

கழற்றிப் பூட்டும் தன்மையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் நகல்காரர்கள் முதலில் கைவைப்பது பின்கால் போல்ட்டில்தான். அதை ஒரு மரக்குச்சியாகவோ இரண்டு மர ஸ்க்ரூவாகவோ மாற்றி, பசை ஊற்றிவிடுகிறார்கள். புதிதில் இறுக்கமாகவே இருக்கும். ஆனால் இந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரும்போது முழு விசையும் வந்து விழுவது அந்த இரண்டு புள்ளியில். முதுகு நெம்புகோலாகி, இருக்கை வளையத்தைப் பின்காலிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. போல்ட்டாக இருந்தால் லேசான ஆட்டம் தெரிந்த அன்றே இருக்கைக்கு அடியில் ஸ்பேனர் வைத்து நட்டை அரைச்சுற்று திருப்பினால் சரியாகிவிடும். பசையாக இருந்தால் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஆட்டம் பெருகி, பசை விட்டு, கடைசியில் வளையம் வெடிக்கிறது.

ஆகவே கடையில் சோதிப்பதும் இங்கேதான் தொடங்கவேண்டும். நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் பின்கால் நேராக இரண்டு நட் தெரியவேண்டும், அடியில் வாஷர் இருக்கவேண்டும். வாஷர் இல்லாத நட் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். பிறகு நிமிர்த்தி வைத்து, முதுகின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். பார்வை முதுகில் இருக்கக்கூடாது, மூட்டில் இருக்கவேண்டும். முதுகு சற்று நெகிழ்வது இந்த வடிவத்துக்கு இயல்பு. மூட்டில் இடைவெளி திறந்து மூடினால்தான் குறை.

அடுத்து வளைவுகள். உட்பக்கத்தில் விரல் ஓட்டும்போது சுருக்கம் சுருக்கமாகத் தட்டுப்பட்டால், நார் நசுங்கியிருக்கிறது. லேசாக இருந்தால் பரவாயில்லை, ஆழமாக இருந்தால் அந்த இடம் பலவீனம். வெளிப்பக்கத்தில் சிராய் எழும்பிப் புட்டி வைத்து அடைத்திருந்தால் வேண்டாம். ரேகையையும் பாருங்கள். வளைத்த மரத்தில் ரேகை வளைவோடு கூடவே ஓடும். பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்த மரத்தில் ரேகை வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அப்படி அறுத்த துண்டுகளை விரல்கோர்ப்பாக ஒட்டி, அடர்ந்த நிறத்தில் பாலிஷ் அடித்து விற்பதும் நடக்கிறது. அது உறுதியாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு வளைமர நாற்காலியின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்து பார்த்தால் எப்படி? இருக்கை உயரம் சுமார் 46 செ.மீ., சாதாரண சாப்பாட்டு மேசைக்குச் சரியாக வரும். உள்வளைவு இடுப்புக்கு மேலே முதுகைத் தாங்குகிறது. உணவு, உரையாடல், கொஞ்சம் எழுத்து வேலை இதற்கெல்லாம் அருமையான நாற்காலி. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார இது ஆகாது, அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. பின்னங்காலில் சாய்ந்து ஆடும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் 14ஐ விட 1876இல் வந்த 18ஆம் எண் நல்லது. 14இல் உள்வளைவின் முனைகள் வெளிப்பக்கமாக விரிந்து, இருக்கைக்கு மேலேயே வெளிவளைவோடு சேர்ந்துவிடும். 18இல் உள்வளைவு நேராக இறங்கி இருக்கை வளையத்தில் ஊன்றுவதால் முதுகு கூடுதல் விறைப்பு. பழைய நாற்காலிகள் சிலவற்றில் இருக்கையையும் முதுகையும் இணைக்கும் சிறிய வளைவுத் தாங்கிகளைப் பார்க்கலாம். அவை ஓட்டல்களின் முரட்டு உபயோகத்துக்கு உதவும், அழகையும் பெரிதாகக் கெடுப்பதில்லை.

இருக்கையில் இரண்டு வகை: பிரம்பு, அச்சில் அழுத்திய பிளைவுட். ஃபிராங்கன்பெர்க்கில் பிளைவுட் இருக்கைக்கு 214 எம் என்று பெயர். தினசரி உபயோகத்துக்கும், குழந்தைகள் ஏறி நிற்கும் வீட்டுக்கும் பிளைவுட் போதும். ஆனால் வெக்கையான ஊரில் காற்று ஊடுருவும் பிரம்பு இருக்கையின் சுகத்தைப் பிளைவுட் தராது. பராமரிக்கத் தயாராக இருப்பவர்கள் பிரம்பையே எடுக்கலாம்.

பிரம்பு வாங்குபவர்கள் வளையத்தின் அடியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் கைப்பின்னல். துளை இல்லாமல் மேல்பக்கம் ஒரு பள்ளமும் அதற்குள் பதித்த பிரம்புக் கம்பியும் இருந்தால், இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயை அழுத்திப் பதித்தது. பார்வைக்கு ஒரே எண்கோணக் கண்ணிகள்தான், பழுதானால் வேலை முற்றிலும் வேறு.

கைப்பின்னல் ஆறு ஓட்டம். நூல்கள் இரண்டரை மி.மீ. அகலம் இருந்தால் துளைகளின் இடைவெளி ஏறத்தாழ 12 மி.மீ. இருக்கும். பிரம்பை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு எடுக்கவேண்டும். வட்ட இருக்கையில் முன்பக்க நடுத்துளையையும் பின்பக்க நடுத்துளையையும் முதலில் கணித்துக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் போகவேண்டும். முதல் ஓட்டம் முன்னும் பின்னும். இரண்டாவது குறுக்கே, அதன் மேலேயே கிடக்கும், பின்னல் கிடையாது. மூன்றாவது மறுபடி முன்னும் பின்னும், முதல் ஓட்டத்துக்குச் சற்றுப் பக்கத்தில். நான்காவது குறுக்கே போகும்போதுதான் முதன்முதலாக மேலும் கீழுமாகப் பின்னுகிறோம். இங்கே ஒரு நூல் தப்பினால் பின்னால் வரும் மூலைவிட்டம் வழுக்கிப் போகாமல் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவிட்டங்கள், ஒன்று எதன் மேல் போகிறதோ மற்றது அதன் அடியில் போகவேண்டும். கடைசியாகத் துளைகளை மறைக்கும் கரைக்கட்டு. வட்டத்தில் ஓரங்களுக்குப் போகப்போகச் சில துளைகளைத் தாண்டித்தான் நூலை நேராக வைக்கமுடியும். எல்லாத் துளையையும் நிரப்பவேண்டும் என்று நினைத்தால் நூல்கள் விசிறியாகச் சாய்ந்துவிடும். முதல் ஓட்டத்தை ரொம்ப இறுக்கக் கூடாது. ஆறாவது ஓட்டம் வரும்போது அதுவாகவே இறுகும், முன்கூட்டியே இறுக்கினால் மூலைவிட்டம் நுழைய இடமே இருக்காது. பழகிய கைக்கும் ஒரு முழு நாள் வேலை. கூலி கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

பள்ளத்தில் பதித்த வகை சுலபம். பழைய பிரம்புக் கம்பியின் இரு ஓரத்தையும் கத்தியால் கீறி, குறுகிய உளியால் நெம்பி எடுத்து, பள்ளத்தில் உள்ள பசையைச் சுரண்டவேண்டும். புதிய பாயை ஊறவைத்து, மர ஆப்புகளையும் கொட்டாப்புளியையும் கொண்டு எதிரெதிர்ப் பக்கமாகப் பள்ளத்துக்குள் இறக்கி, பசை விட்டு, கம்பியை அடித்து இறக்கவேண்டும். காய்ந்ததும் பாய் தானே விறைக்கும். ஊறாத பாயை இறக்குபவர்கள்தான் சீக்கிரம் தொய்வதாகக் குறை சொல்வார்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு வைத்தியம் உண்டு. பிரம்பு கொஞ்சம் தொய்ந்திருந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஈரத்துணியை விரித்து அரை மணி நேரம் விட்டு, துணியை எடுத்துவிட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். சுருங்கி இறுகும். மேல்பக்கம் பிரம்பின் வழவழத்த தோல், தண்ணீரை உள்ளே விடாது. அடிப்பக்கம்தான் குடிக்கும். குளிர்சாதன அறையில் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வப்போது தேவைப்படும், ஏனென்றால் பிரம்பு வறண்டால் நொறுங்கும். ஒரு கண்ணி அறுந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். அறுந்த நூல் பக்கத்து நூல்களின் பிடியை இழக்கவைத்து, ஓட்டை விரைவில் பெரிதாகும்.

இனி பழைய சரக்கு. 1869இல் தோனெட் உரிமை முடிந்ததும் போட்டியாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர்கள் ஜே. அண்ட் ஜே. கோன். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இளம் வடிவமைப்பாளர் குஸ்தாவ் சீகெல் அவர்களுக்காக அமைத்த அறை வளைமரத்தை ‘ஆர்ட் நூவோ’ என்ற புதுக்கலைப் பாணிக்குள் கொண்டுபோனது. பிறகு முண்டுஸ் என்ற நிறுவனம் கோனோடு சேர்ந்து, 1920களில் தோனெட்டும் அதே குழுமத்துக்குள் வந்தது. ஆகவே இருக்கை வளையத்தின் உட்பக்கம் கோன் முத்திரையோ முண்டுஸ் முத்திரையோ இருந்தால் ‘தோனெட் இல்லையே’ என்று ஒதுக்கவேண்டாம். வேலை அதே தரம், விலை பெரும்பாலும் குறைவு. மும்பையின் இரானி ஓட்டல்களில் பார்த்துப் பழகிய நாற்காலிகளும் இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவையே. காகிதச் சீட்டு மட்டும் இருந்து, அது புத்தம் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மரத்தில் சுட்டுப் பதித்த முத்திரைக்கு நம்பகம் அதிகம்.

பழைய நாற்காலியில் இருக்கை வளையத்தின் சாய்வு ஒட்டைத் தேடிப் பாருங்கள். வளையம் ஒரே கம்பியை வட்டமாக்கி, இரண்டு முனையையும் நீளமாகச் சாய்த்துச் சீவி ஒட்டியது. பழைய பசை இளகினால் அங்கே மயிரிழை பிளவு தெரியும். பிரம்பின் இழுவிசை அதைத் திறந்துகொண்டே போகும். பிரம்பை எடுத்துவிட்டு, பழைய பசையை வெந்நீரால் கழுவிச் சுரண்டி, புதுப் பசை போட்டு, சுற்றிலும் பட்டை கட்டி இறுக்கினால் சரியாகும். பிரம்பு இருக்கும்போதே ஊசியால் பசை செலுத்துவது பயன் தராது. எழும்பிய சிராய்க்கும் இதே பசை போதும், சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விடலாம். வளைவின் நடுவில் குறுக்கே முறிந்திருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றவேண்டும், ஒட்டினால் நிற்காது.

போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிய போல்ட் போடுவதுதான் எல்லாருக்கும் தோன்றும் வழி. அது வளையத்தின் சதையை இன்னும் குறைக்கிறது. துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, பீச் மரக்கட்டை ஒன்றைக் கடைந்து அடைத்து ஒட்டி, காய்ந்தபின் பழைய அளவிலேயே மறுபடி துளைப்பதுதான் முறை. பழைய நாற்காலிகள் சிலவற்றில் முன்காலின் தலையில் மரத்திலேயே மறை வெட்டி வளையத்துக்குள் திருகியிருப்பார்கள். அதைப் பிடித்து இழுத்தால் மறை சிதையும். இடப்பக்கம் திருப்பிக் கழற்றிப் பாருங்கள், வரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம்.

பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கு பாலிஷ், பீச்சை ரோஸ்வுட் நிறத்துக்கோ மகோகனி நிறத்துக்கோ சாயமேற்றி அடித்தது. தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் பிசுபிசுக்கும், அப்படியென்றால் அரக்கு. அதன்மேல் மெல்லிய அரக்கு இரண்டு கை போட்டாலே பழைய பொலிவு திரும்பும். காஸ்டிக் தொட்டியில் முக்கிப் பூச்சை உரிக்கும் வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நார் எழும்பும், ஒட்டுகள் இளகும், பிரம்பு கெடும். ஆரம்ப வருட நாற்காலிகளில் சில பாகங்கள் இன்னமும் ஒட்டுப்பட்டையாக இருந்தன, அவை தொட்டியில் இறங்கினால் பட்டை பட்டையாகத்தான் வெளியே வரும். பீச்சுக்கு மரப்புழு பிடிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. துளைகள் இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. கறுப்புக் காகிதத்தின் மேல் நாற்காலியை வைத்துத் தட்டினால் மாவு போல வெளிர்ந்த தூள் விழுந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது.

கடலோர ஊர்களில் இரும்பு ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி இளகவைக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஸ்க்ரூக்களைக் கழற்றி, மெழுகு தடவித் திரும்பப் பூட்டினால் போதும். கால்களின் முனை சிறியது, எடை ஒரு புள்ளியில் இறங்கும். கிரானைட் தரையென்றால் அடியில் ஃபெல்ட் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நார் முனை சிதறும்.

எதை வாங்குவது என்றால், புதிதாக நான்கோ ஆறோ வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு டோன் 14. பிஸ்திரிட்சே ஆலை 1860களின் தொடக்கத்தில் தோனெட் குடும்பமே எழுப்பியது. 1953 முதல் டோன் என்ற பெயரில் இயங்குகிறது. அந்தக் கைப்பழக்கம் அங்கே அறுபடவில்லை. ஃபிராங்கன்பெர்க் 214 முடிப்பு வேலைக்குப் பெயர் பெற்றது, பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே எடுங்கள். 1889இல் தொடங்கிய ஆலை அது, குடும்பப் பெயரையும் சுமக்கிறது. ஜேம்ஸ் இர்வைன் 2009இல் ஜப்பானிய நிறுவனமான முஜிக்காகத் திருத்தி வடிவமைத்த வளைமர நாற்காலி பழைய சந்தையில் கிடைத்தால் நல்ல சாமான், ஆனால் அதில் உள்வளைவுக்குப் பதில் குறுக்குப் பட்டை. அதை 14 என்று நினைத்து வாங்கவேண்டாம். கைப்பிடி வேண்டுமென்றால் 9ஆம் எண், இன்றைய 209. 1925இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே தன் எஸ்பிரி நூவோ கூடத்துக்குப் புதிதாக நாற்காலி எதையும் வடிவமைக்காமல், தோனெட் பட்டியலிலிருந்து எடுத்துவைத்த நாற்காலி அதுதான்.

வாங்கும் முன் பார்த்துப் பழக நல்ல இடம் வியன்னாவின் மாக் அருங்காட்சியகம். 1862 லண்டன் கண்காட்சியையும் அங்கிருந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வந்த கலை வரலாற்றாசிரியர் எய்டெல்பெர்கரின் முயற்சியில் 1863இல் உருவான நிறுவனம் அது. அங்கே வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, வளைமர நாற்காலிகளின் நிழலுருவங்களை வரிசையாகக் காட்டுகிறார்கள். 14க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். மூட்டுகளைப் பார்க்கத் திரையைச் சுற்றிப் பின்பக்கம் போகவேண்டும்.